அத்தை பார்த்த புளிச்சக்கீரை

போன வருஷம் ஆடிப்பெருக்கு அன்று காலை அத்தை தன் மகனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் திண்ணையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு அங்கே முந்தின நாள் மாலை, கலிஃபோர்னியா வெயில் இன்னும் இறங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் நின்று பேசினான். அவன் தோளுக்கு மேல் அடர்பச்சையாக நாலைந்து செடிகள் தெரிந்தன.

"ஏன்டா, பின்னால இருக்கறது புளிச்சக்கீரையா? நல்லா வந்திருக்குதே. பறிச்சுக் கடையறதில்லையா?"

அவன் கொஞ்சம் தடுமாறினான். "இல்லம்மா, முத்திப்போச்சு."

அத்தையைக் குறை சொல்ல முடியாது. அவன் பின்னால் நின்றது கஞ்சாச் செடி. இலையைப் பார்த்தால் விரல் விரித்த கை மாதிரி இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். புளிச்சக்கீரைக்கு ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயரே ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ். கன்னாபினஸ் என்றால் கஞ்சாவைப் போன்றது என்று பொருள். ஆக, அத்தை செய்தது லின்னேயஸ் செய்த ஒப்பீடுதான், திசைதான் வேறு.

எனக்கு அது என்ன செடி என்று முன்பே தெரியும். ஏனென்றால் அதற்குக் கம்பு ஊன்றச் சொன்னதே நான்தான்.

என் ஊர் குப்பத்துக்குப் பக்கம். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலை. வடக்கேயும் மேற்கேயும் போனால் கர்நாடகம், தெற்கே இறங்கினால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், மண்டியில் தெலுங்கு, கோலாருக்குச் சரக்கு ஏற்றினால் கன்னடம். இரண்டு ஏக்கரில் தக்காளி போடுகிறேன். தக்காளி என்றால் எங்கள் பக்கம் நட்டுவிட்டுப் போகிற வேலை இல்லை. கம்பு நட்டு, கம்பி இழுத்து, ஒவ்வொரு செடியாகக் கட்டிக்கொண்டே போகிற வேலை. அதனால் செடியைக் கட்டுவது பற்றிக் கேட்க அவனுக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் 2016 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டுக் கஞ்சாவை அனுமதித்தார்கள். 21 வயது முடிந்தவர் வீட்டில் ஆறு செடி வரை வளர்க்கலாம், ஆனால் பொது இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியக் கூடாது, பூட்டிய இடமாக இருக்க வேண்டும். வெளித்தோட்டத்தில் வளர்க்கவே கூடாது என்று சில ஊராட்சிகள் தடுக்கவும் செய்யலாம். அமெரிக்க மத்திய அரசின் சட்டம் இதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதால், குடியுரிமை கையில் வரும்வரை அவன் அந்தப் பக்கமே போகவில்லை. இங்கேயோ 1985ஆம் வருஷச் சட்டப்படி ஒரு செடி வளர்த்தாலும் குற்றம்தான், பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். எங்கள் மாநிலத்தில் வடக்கே விசாகப்பட்டினத்து மலைகளில் போலீஸ் காடு காடாக வெட்டிச் சாய்த்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆகவே நான் அந்தச் செடியைத் தொட்டது கூட இல்லை. திரையில் பார்த்ததோடு சரி.

அவன் முதல் வருஷம் எதையும் கட்டவில்லை. "காட்டுச் செடிதானே மச்சான், தானா நிக்கும்" என்றான். ஆகஸ்ட் வரை நின்றது. அந்தச் செடி பகல் குறையத் தொடங்கினதும் பூக்கிற வகை. பூக்கத் தொடங்கும் முதல் இரண்டு மூன்று வாரத்தில் திடீரென்று உயரும், சில ரகங்கள் இருந்த உயரத்தைப்போல் இன்னொரு மடங்கு. அப்புறம் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பூக்கொத்து சேர்ந்து கனக்கும். தடித்த கிளைகளின் தண்டு உள்ளே பொள்ளலாகவும் இருக்கும். அக்டோபரில் அங்கே வறண்ட காற்று அடிக்கும். ஒரு ராத்திரியில் இரண்டு செடியின் பெரிய கிளைகள் கவட்டோடு பிளந்துவிட்டன. தக்காளிக்குக் காய் ஏறும்போது நடப்பதும் இதேதான். இலையாக இருக்கும்போது நிற்கிற செடி, காயாகும்போது நிற்காது.

அன்றைக்கு எனக்கு மறுநாள் காலை, வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். பதறிப்போய்க் கூப்பிட்டான். "பச்சையா இருக்கா, வாடிடுச்சா?" என்றேன். பச்சைதான். அப்படியானால் உடனே சேர்த்துப் பிடி, துணியால் சுற்று, கீழே ஒரு முட்டுக் கொடு என்றேன். பச்சைத் தண்டின் பிளவை காயும் முன் சேர்த்துக் கட்டினால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். துணிக்கு எங்கே போவான், கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டியைத்தான் தொடவில்லை. அத்தை கொடுத்தனுப்பிய பழைய நூல் சேலை ஒன்று, ஊறுகாய் பாட்டில்களைச் சுற்றி வந்தது, அதைக் கிழித்தான். ஒட்டிக்கொண்டது.

அந்த வாரத்திலிருந்து ஆரம்பித்ததுதான் எங்கள் திங்கட்கிழமைப் பேச்சு. அவனுக்கு ஞாயிறு மாலை ஆறு என்றால் எனக்குத் திங்கள் காலை ஆறரை. சட்டைப் பையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நான் தக்காளி கட்டுவேன், அவன் பார்ப்பான். அவன் பதிலுக்கு அந்த ஊர்த் தோட்டக்காரர்கள் செய்கிற வித்தைகளைச் சொல்வான். பாதி எங்கள் வித்தைதான், பெயர் மட்டும் நீளம்.

எடுத்துக்காட்டாக நுனி கிள்ளுவது. நாலைந்து கணு விட்டதும் நடுத்தண்டின் நுனியைக் கிள்ளிவிட்டால் கீழிருந்து இரண்டு தண்டு கிளம்பும், அவற்றைக் கிள்ளினால் நாலு. அங்கே இது பெரிய கண்டுபிடிப்பு மாதிரி பேசுகிறார்கள். என் பாட்டி துவரைக்கும் சாமந்திக்கும் இதைச் செய்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போவாள். காரணமும் இன்று தெரிந்ததுதான். நுனியில் ஆக்சின் என்ற சுரப்பு உண்டாகிக் கீழே இறங்கும், அது இருக்கும்வரை பக்க மொட்டுகள் தூங்கும். 1930களில் தீமன், ஸ்கூக் என்ற இருவர் ஒரு மொச்சை வகைச் செடியின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினைத் தடவிப் பார்த்தார்கள். மொட்டுகள் எழும்பவில்லை. நுனிதான் காவல்காரன் என்பது அப்படித்தான் உறுதியானது. பாட்டிக்கு இது தெரிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஆனால் நான் தக்காளிக்கு நேர்மாறாகச் செய்கிறேன். இலையும் தண்டும் சேருகிற கவட்டில் முளைக்கும் துளிரை எடுத்துவிட்டு இரண்டு தண்டு மட்டும் மேலே ஏற்றுகிறேன். அவன் அகலமாக்குகிறான், நான் உயரமாக்குகிறேன். அவனுக்கு ஆறு செடிதான் அனுமதி, ஒவ்வொன்றிலும் முடிந்தவரை நுனி வேண்டும், அதோடு வேலிக்கு மேல் தலை தெரியவும் கூடாது. எனக்கு ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் செடி, காற்றோட்டமும் வெளிச்சமும்தான் வேண்டும். அவன் வளைப்பது எல்லாம் அந்தத் தலை தெரியாத கதைக்குத்தான். தண்டு இளசாக இருக்கும்போதே மெதுவாக வளைத்து, தொட்டியின் விளிம்பில் கட்டிவிடுவான். படுத்த தண்டின் கணுக்கள் எல்லாம் வெளிச்சத்தைப் பார்த்து நிமிரும். முற்றிய தண்டை வளைக்க, விரலால் நசுக்கி மெத்தென்று ஆக்கி மடக்குகிறார்களாம், அந்த இடத்தில் பின்னால் முண்டு மாதிரி வீங்கி இறுகுமாம். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. கேட்டால் செடிக்கு அதனால் பலம் என்கிறான். இருக்கலாம்.

ஒரு முறை மட்டும் அவன் வித்தை கவிழ்ந்தது. ஒரு செடியை நுனி கிள்ளினான், வளைத்தான், அது சின்னதாகவே பூத்துவிட்டது. பகல் நீளத்தைப் பார்க்காமல் வயசைப் பார்த்துப் பூக்கிற ரகமாம் அது. விதைத்த பத்துப் பன்னிரண்டு வாரத்தில் கதை முடிந்துவிடும், அதற்கு வருத்தப்பட்டுத் தேறி வளர நேரமே இல்லை. "அது உன் தப்பு இல்ல, ரகத்தோட குணம்" என்று சொன்னேன். தக்காளியிலும் அந்தக் குணம் உண்டு. 1914இல் ஃபுளோரிடாவில் ஒரு வயலில் தானாகவே தோன்றிய ஒரு மாற்றம், செடி குட்டையாக நின்று ஒரே நேரத்தில் காய்த்து முடிந்துவிடும். இன்று இயந்திரம் அறுக்கிற தக்காளி எல்லாம் அந்த வழி வந்ததுதான். அந்த மாதிரிச் செடியில் துளிரைக் கிள்ளினால் மகசூலைக் கிள்ளியதாகும். கிள்ளும் முன் எந்த வகை என்று கேள் என்பதுதான் எங்கள் நாற்றுப்பண்ணைக்காரரும் சொல்வது.

கட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் கூலிக்குக் கட்டுப் போட வரும் ஒரு பெரியம்மா. நான் ஆரம்பத்தில் சணலை இறுக்கி, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டேன். செடி ஆடவே கூடாது என்று நினைப்பு. அவர் வந்து எல்லாவற்றையும் அறுத்துவிட்டார். "சின்னப் பிள்ளைக்கு அரைஞாண் கட்டற மாதிரி கட்டு தம்பி. இன்னிக்கு அளவா இருந்தா நாளைக்கு இறுகிடும்." கம்பிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு எட்டுப் போட்டு, தண்டைச் சுற்றும் வளையத்தில் சுண்டுவிரல் போகும்படி விட வேண்டும். எட்டின் இடுப்பு கம்பிக்கும் செடிக்கும் நடுவில் நிற்பதால் செடி கம்பியில் உரசாது. அவர் இரண்டு நொடியில் ஒரு கட்டு போடுவார். நான் இன்னும் ஏழெட்டு நொடி எடுக்கிறேன்.

செடி ஆட வேண்டும் என்பதும் பெரியம்மா சொன்னதுதான். தட்டில் வளர்ந்த நாற்று நட்டவுடன் நெட்டையாக, சன்னமாக இருக்கும். ஒரு வாரம் காற்றில் ஆடினால் தண்டு தடிக்கும். 1973இல் மார்க் ஜாஃபி என்ற அமெரிக்க ஆய்வாளர் செடிகளின் தண்டைத் தினமும் தேய்த்துப் பார்த்தார், தேய்த்தவை குட்டையாகவும் தடியாகவும் வளர்ந்தன. அவர் அதற்குத் திக்மோமார்ஃபோஜெனிசிஸ் என்று பெயர் வைத்தார். பெரியம்மா அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. இளசிலேயே இறுக்கிக் கட்டிவிட்ட செடி கம்பை நம்பியே வளர்கிறது, கட்டை அவிழ்த்தால் விழுகிறது. இதை அவனிடம் சொன்னபோது அங்கே ஒரு மின்விசிறியைச் செடிப் பக்கம் திருப்பி வைக்கிறார்கள் என்றான், வீட்டுக்குள் வளர்க்கும் நாற்றுக்கு. சரி, அதுவும் காற்றுதான்.

அவன் முதலில் கட்டியது ரொட்டிப் பொட்டலத்தைச் சுற்றுகிற கம்பியால். ஒரு மாதத்தில் தண்டு அதை விழுங்கிவிட்டது. வெட்டி எடுக்கும்போது பட்டை கூடவே வந்தது. மறுபடியும் சேலைக் கிழிசலுக்குத் திரும்பினான். அந்தச் சேலையில் எவ்வளவு மிச்சம் என்று நான் கேட்டதில்லை.

எதைக் கட்டினாலும் கம்பு உறுதியாக இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம்.

2021 நவம்பர். அந்த மாதம் சித்தூர், கடப்பை பக்கம் அடித்த மழை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு அப்போது காய் பிடித்து நிற்கிற தக்காளி. கம்புகள் நீலகிரி மரத்தவை, எங்கள் பக்கம் தைல மரத்துக்கு அதுதான் பெயர். பட்டை உரிக்காமல் ஊன்றியிருந்தேன், அவசரம். பட்டைக்குள் கரையான் வேலை செய்வது மேலிருந்து தெரியாது. இன்னொரு தப்பு அதைவிடப் பெரியது. வரிசையின் இரு முனையிலும் நிற்கிற கம்புக்கு வெளிப்பக்கம் சாய்த்து முட்டு வைக்கவில்லை, மண்ணில் முளையடித்து இழுவைக் கம்பியும் கட்டவில்லை. நடுவில் நிற்கிற கம்புகளே பாரம் முழுவதையும் தாங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். இல்லை. கம்பி இழுப்பது முழுக்க முனைக்கம்பைத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரிசையில் நூறு செடி, செடிக்கு நாலு கிலோ காய் என்றாலே நானூறு கிலோ, அதோடு நனைந்த இலையின் கனம். கீழே மண் கூழ். ராத்திரி முதல் முனைக்கம்பு உள்பக்கம் சாய, கம்பி தளர, அடுத்தடுத்து எல்லாம் படுத்துவிட்டன. காலையில் போய்ப் பார்த்தபோது ஆறு வரிசை பாய் விரித்த மாதிரி கிடந்தது. அந்த மாதம்தான் தக்காளி கிலோ நூறைத் தொட்டது. சேற்றில் கிடந்ததை எந்த மண்டியில் எடுப்பார்கள்?

இப்போது பட்டை உரித்து, மண்ணுக்குள் போகும் பகுதியைக் கரியாக வாட்டி, முனைக்கம்பைத் தடியானதாகத் தேர்ந்து, ஒன்றரை அடியாவது ஆழமாகப் புதைத்து முட்டும் வைக்கிறேன். நட்டு இருபத்தைந்து நாளுக்குள் முதல் கம்பி. செடி சாய ஆரம்பித்த பிறகு கம்பு ஊன்றினால், வேரைக் குத்தித்தான் ஊன்ற வேண்டும். அவனும் இரண்டாம் வருஷம் தொட்டியில் நாற்று வைத்த அன்றே நாலு மூங்கிலை ஊன்றிவிட்டான், சும்மா நிற்கட்டும் என்று. பெரிய செடிக்கு அங்கே கான்கிரீட் வேலைக்கான கம்பி வலையை உருளையாகச் சுருட்டிச் சுற்றி நிறுத்துகிறார்கள். படுக்கை வாட்டில் வலை கட்டி, ஒவ்வொரு நுனியையும் ஒவ்வொரு கண்ணுக்குள் இழுத்து விடுகிறவர்களும் உண்டு. பாட்டியின் அவரைப் பந்தல்தான், இடுப்புயரத்தில்.

இலை உருவுவதில் மட்டும் இருவருமே ஒரே தப்பைச் செய்தோம். அடி இலையை எடுத்தால் மழைத்துளி மண்ணைத் தெறித்து நோயை ஏற்றுவது குறையும், காற்று உள்ளே போகும். அவனுடைய பூக்கொத்து உள்ளே ஈரம் தங்கினால் வருகிற சாம்பல் பூஞ்சை, தக்காளிக்கும் திராட்சைக்கும் வருகிற அதே பாட்ரிட்டிஸ்தான். அதைப் படித்துவிட்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செடியை மொட்டை அடித்தான். பத்து நாள் செடி அசையவே இல்லை. நான் சித்திரை வெயிலில் அதைச் செய்து காய் எல்லாம் வெள்ளை வெள்ளையாக வெந்து போனதை அவனிடம் சொன்னது அதற்குப் பிறகுதான். முன்பே சொல்லியிருக்கலாம். என் தக்காளியில் இன்னொரு சங்கடமும் உண்டு. பீடி பிடித்த கையோடு துளிர் கிள்ளினால் புகையிலைத் தேமல் வைரஸ் கையோடு வரும், ஒரு செடியிலிருந்து அடுத்ததற்கு ஏறும். கட்டுப் போட வருபவர்களில் பீடி பிடிக்கிறவர் ஒருவர் உண்டு. சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னதற்கு என்னை ஒரு வாரம் முறைத்தார்.

செடியைப் பழக்குவது அமெரிக்கக்காரர்கள் கண்டுபிடித்தது என்று அவன் ஒரு நாள் அளந்தபோது நான் பழைய அரசாங்க அறிக்கை ஒன்றைச் சொன்னேன். 1893–94இல் வெள்ளைக்காரன் இந்தியா முழுக்கக் கஞ்சாவை ஆராய ஒரு ஆணையம் போட்டான். அப்போது அது உரிமம் வாங்கி வளர்க்கிற பயிர். இன்று பங்களாதேஷில் இருக்கும் நவகாவ் பக்கம், அடிக்கிளைகளை வெட்டிச் செடியைக் கூம்பு வடிவில் உயர்த்துவார்களாம். ஆண் செடியை இனம் கண்டு வெட்டுவதற்கென்றே தனித் தொழிலாக ஒருவர் வயல் வயலாகப் போவாராம். அந்த அறிக்கையில் நம் பக்கத்து ஜவ்வாது மலையும் வருகிறது. அங்கே மலைவாசிகள் அப்போது வளர்த்தார்கள். என் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தென்கிழக்கே தெரிகிற மலைத்தொடர்களுக்கு அந்தப் பக்கம்தான் அது. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ நாமதான் சீனியரா?" என்றான்.

மார்கழியில் ஊருக்கு வந்தான். வந்த மறுநாளே வயலுக்கு வந்து வரிசையின் முனைக்கம்பை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. அப்புறம் ஒரு வரிசை முழுக்க அவனே கட்டினான், எட்டுப் போட்டு, சுண்டுவிரல் விட்டு. பெரியம்மா பின்னாலேயே போய் நாலைந்தை அவிழ்த்து மறுபடி போட்டார், ஒன்றும் சொல்லாமல்.

மத்தியானம் அத்தை வீட்டில் சாப்பாடு. வாழை இலை, சோறு, பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்த புளிச்சக்கீரைக் கடையல். அவன் என்னைப் பார்த்தான். நான் இலையைப் பார்த்துக்கொண்டேன்.

"அங்க முத்திப்போச்சுன்னு சொன்னியே. இது இளசு, நல்லா சாப்பிடு" என்று அத்தை இன்னொரு கரண்டி வைத்தார்.